டவுனைப் பார்க்கப் போன நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சூலூர் வானம் சும்மா இருக்கும். வார நாட்களில் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து அடங்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக் காத்திருந்து, சத்தம் தேய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். 2018இல் தேஜஸ் படையணி இங்கே குடிவந்ததிலிருந்து ஊருக்கு இது பழக்கம். அந்தச் சத்தம் இல்லாத ஓர் ஆடி மாதத்து ஞாயிறு, காலை ஆறு மணிக்கு, பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பேக்கரி வாசலில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று டீயை ஆற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருந்தது.

நாலு பேரில் மூன்று பேர் உள்ளூர். ஒருவர் விசைத்தறி வைத்திருப்பவர், ஒருவர் லேத் பட்டறைக்காரர், ஒருவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தும் வாத்தியார். நாலாமவர் கும்பகோணம், லேத்துக்காரரோடு பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர், ஒரு கல்யாணத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டவர். முந்தின நாள் ராத்திரி அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"கோயமுத்தூர்ல பார்க்க என்னடா இருக்கு?"

ஊட்டி என்றார் ஒருவர். வால்பாறை, ஆழியாறு என்றார் இன்னொருவர். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 112 அடி உயர ஆதியோகி சிலை இருக்கிறது, எல்லோரும் அங்கேதான் போகிறார்கள் என்றார் மூன்றாமவர். "இதுல எதுவுமே கோயமுத்தூர் இல்லையே" என்றார் கும்பகோணத்துக்காரர். மூவருக்கும் பதில் வரவில்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் கோயமுத்தூர் சூலூர்க்காரர்களுக்கு 'டவுன்'. ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, தீபாவளி ஜவுளிக்கு, மோட்டார் காயில் கட்டும் செம்புக் கம்பிக்குப் போகிற இடம். வேலை முடிந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கோ அது ஊட்டிக்குப் போகும் வழியில் டிபன் சாப்பிடுகிற ஊர். ஒரு நாளாவது அதைப் பார்ப்பதற்கென்றே போய்ப் பார்த்தால் என்ன என்று நால்வருக்கும் தோன்றியிருக்கிறது. கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் தறிக்காரர். "பார்க்கிங் தேடறதுலயே பொழுது போயிருமுங்க. ஒட்டுக்கா டவுன் பஸ்ஸுலயே போயிரலாம்."

திருச்சி ரோட்டில் மேற்கே போகிற பஸ் ஒண்டிப்புதூரில் நின்றபோது தறிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். மூடிக் கிடக்கும் கம்போடியா மில். பெயரைக் கேட்டுக் கும்பகோணத்துக்காரர் சிரித்தார். கொங்கில் அந்தப் பெயருக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். கம்போடியாப் பருத்தி என்ற ரகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கத்திய கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் பரவி, பல குடியானவர்களைத் தலை நிமிர வைத்தது. அதற்கு முன்பே, 1888இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கியிருந்தார். 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கி வந்தபின் மில்கள் வரிசையாக முளைத்தன. 'தென்னாட்டு மான்செஸ்டர்' என்ற பட்டம் அப்படி வந்தது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்த மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. கம்போடியாவும் அதில் ஒன்று. நின்றது நின்றதுதான்.

"எங்கப்பாரு ஒரு மில்லுல மூணு ஷிப்டும் பார்த்தவருங்க" என்றார் தறிக்காரர். "சங்கு ஊதுச்சுன்னா வீட்டுல அம்மா கடிகாரத்தைத் திருப்பி வெப்பாங்க. சங்கு தப்பாதுன்னு அவ்வளவு நம்பிக்கை."

கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் சிங்காநல்லூர் குளம் வந்தது. வாத்தியார் அதுவரை வாய் திறக்கவில்லை. தண்ணீரைப் பார்த்ததும் ஆரம்பித்தார். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. வழியில் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பினால் மிச்சம் அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி முன்னோர் சங்கிலி கோத்து வைத்திருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். கிழக்கே நம் சூலூரில் இருக்கும் பெரிய குளமும் சின்னக் குளமும்கூட நொய்யல் தண்ணீரை நம்பியவைதான். "நாம இப்பத் தண்ணிக்கு எதிர்த்திசையில போயிட்டிருக்கோமுங்க" என்றார்.

"அப்புறம் அந்தத் தண்ணி எங்க போகும்?"

"திருப்பூர் தாண்டி, கரூர்ப் பக்கம் காவேரியில சேருமுங்க."

"அப்படின்னா எங்க ஊருக்குத்தான் வருது!"

"பேப்பர்ல வரும்" என்றார் லேத்துக்காரர். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவரும் திரும்பிச் சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆற்றில் வருவதில் பெரும்பகுதி ஊர்ச் சாக்கடை. திருப்பூரில் சாயக்கழிவும் சேர்ந்தது. அதற்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த அணை சாயத் தண்ணீர்த் தொட்டியானது. பாதிக்கப்பட்ட விவசாயிகள் நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். கடைமடைக்காரனின் கஷ்டம் என்னவென்று கும்பகோணத்துக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிங்காநல்லூரைக் கடக்கும்போது சினிமாப் பேச்சு வந்தது. 1930களில் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டுடியோ இந்தப் பக்கம்தான் இருந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947இல் வெளிவந்தது. ஜூபிடர் நிறுவனம் இங்கே எடுத்த படம். அதற்கு வசனம் எழுத வந்த இளைஞர் மு.கருணாநிதி சிங்காநல்லூரில் குடியிருந்தார். பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்ட இருவர் ஒரே ஊரில் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலம் அது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இப்போது கட்டடங்களும் கடைகளும்தான்.

சுங்கத்தில் திரும்பி வாலாங்குளத்துக் கரையோடு உக்கடம். குளங்களுக்குக் கரையில் நடைபாதை, விளக்கு, படம் எடுத்துக்கொள்ள இடம் என்று புது அலங்காரம் வந்திருக்கிறது. நடக்க நன்றாகத்தான் இருக்கிறது. அலங்காரத்துக்கு ஆன அக்கறையில் பாதி, தண்ணீர் உள்ளே வரும் வாயிலுக்கும் ஆகியிருந்தால் மூக்குக்கும் நன்றாக இருந்திருக்கும்.

உக்கடத்தில் பஸ் மாறிப் பேரூர் போய்ச் சேரும்போது மணி எட்டு.

கும்பகோணத்துக்காரருக்குக் கோயில் விஷயத்தில் கொஞ்சம் அலட்சியம் உண்டு. தெருவுக்கு ஒரு கோபுரம் பார்த்து வளர்ந்தவர். பேரூரை 'மேலைச் சிதம்பரம்' என்பார்கள் என்று வாத்தியார் சொன்னதற்கு, "எல்லா ஊர்லயும் இப்படி ஒண்ணு சொல்லி வெச்சிருக்காங்க சார்" என்றார். பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு கனகசபைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

திருமலை நாயக்கரின் தம்பி அளகாத்ரி நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சிற்பத் தூண்கள் இரு பக்கமும். யானையைக் கிழித்து அதன் தோலைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருக்கும் சிவன் ஒரு தூணில். தோலுக்கு அடியில் காற்றே ஓடுகிற மாதிரி கல்லைக் குடைந்திருக்கிறார்கள். காலைத் தூக்கி ஆடுகிறவர் ஒரு தூணில், அவரோடு போட்டிக்கு ஆடிய காளி ஒரு தூணில், அக்கினி வீரபத்திரர் இன்னொன்றில். கும்பகோணத்துக்காரர் யானைத் தோலுக்கு அடியிலேயே நின்றுவிட்டார். லேத்துக்காரர் சிலைகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து நின்றார். விதானத்திலிருந்து கல்லிலே செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. வளையத்துக்குள் வளையம், எங்கும் ஒட்டு இல்லை. ஒரே கல்லில் உள்ளே உளி விட்டு ஒவ்வொரு வளையமாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள்.

"கடைசி வளையத்துல ஒரு நூல் தப்பா அடிச்சிருந்தாலும் மொத்தக் கல்லும் வேஸ்ட்டுங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல். "நாங்க ஒரு ஷாப்ட்டு கெட்டுப் போச்சுன்னா வேற ராடு எடுத்து மாட்டுவோம். இவங்க எதை மாட்டுவாங்க?" கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கொங்கின் குணம் தெரிய வேண்டுமானால் பேரூர்த் தலபுராணக் கதை ஒன்று போதும். சுந்தரர் பாடி வந்தால் பொன் கேட்பார். கொடுக்கக் கையில் இல்லை. சிவன் பார்வதியைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, பள்ளனும் பள்ளியுமாக வேடமிட்டு நாற்று நடப் போய்விட்டார். எங்கே போனார் என்று நந்தி காட்டிக் கொடுத்துவிட, கோபத்தில் மண்வெட்டியால் ஒரு போடு போட்டார் என்கிறது கதை. இன்றைக்கும் ஆனி மாதத்தில் இங்கே நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. கடன்காரனுக்குப் பயந்து கடவுளே காட்டு வேலைக்குப் போன ஊர் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. விதை முளைக்காத 'பிறவாப் புளி'யும் சாவே இல்லாத 'இறவாப் பனை'யும் இந்தத் தலத்தின் அதிசயங்கள். புளிய மரத்தடியில் தறிக்காரர் ஒரு புளியங்கொட்டையைத் தேடினார். கிடைத்தால் வீட்டில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. கிடைக்கவில்லை.

நொய்யல் படித்துறையில் அன்றைக்குத் தண்ணீர் ஓடியது. மேற்கே மலையில் தென்மேற்குப் பருவமழை. ஆழம் முழங்கால் அளவுதான். ஆனால் தெளிந்து, சத்தத்தோடு ஓடிற்று. திதி கொடுப்பவர்கள், கன்னிமாருக்கு வைக்க ஏழு கூழாங்கல் பொறுக்குபவர்கள், துணி அலசுகிறவர்கள். சூலூர்க்காரர்கள் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றார்கள். நொய்யலை இந்த நிறத்தில் பார்த்துப் பல வருடம் ஆயிற்று என்றார் வாத்தியார். இந்த ஆற்றையொட்டித்தான் சேர நாட்டையும் சோழ நாட்டையும் இணைத்த வழி போனது. பக்கத்துச் சுண்டக்காமுத்தூரில் 'இராசகேசரிப் பெருவழி' என்று பெயர் சொல்லும் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. கிழக்கே வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குடத்தோடு கிடைத்தன. அந்தக் காலத்து வியாபாரிகள் சூலூர் வழியாக நடந்தே போயிருப்பார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தறிக்காரர் வயிற்றைத் தடவிக் காட்டினார்.

டவுனுக்குத் திரும்பி அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி. சாம்பாரில் இட்லி மிதக்க வேண்டும், இட்லிமேல் சாம்பார் ஊற்றக் கூடாது என்பது கோவைக்காரர்களின் எழுதாத சட்டம். கும்பகோணத்துக்காரர் சாம்பாருக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். காபிக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் ஊர்ப் பெருமை அது. பதிலுக்கு லேத்துக்காரர், "இட்லி எந்த ஊராவும் இருக்கட்டும், மாவு அரைச்சது எங்க ஊரு" என்றார். பொய்யில்லை. வெட் கிரைண்டர் 1950களில் இந்த ஊரில் உருவான யந்திரம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் மோட்டார் மாட்டலாம் என்று தோன்றுவதற்கு, வீட்டுக்கு நாலு வீடு தள்ளி மோட்டார் கட்டுகிறவன் இருக்க வேண்டும். இங்கே இருந்தான். அடியில் பாறை, கிணறு ஆழம். மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்து மாளாத நாட்டில் பம்ப்செட் செய்யும் பட்டறைகள் பெருகியதில் வியப்பில்லை.

கோனியம்மன் கோயிலில் கற்பூரம் காட்டிவிட்டு (கோவன் என்ற இருளர் தலைவன் பெயரால் கோவன்புத்தூர், அதுவே கோயம்புத்தூர் என்பது செவிவழிக் கதை) பெரிய கடை வீதி, ராஜ வீதி, ரங்கை கவுடர் வீதி என்று கால் போன போக்கில் நடந்தார்கள். இந்த வீதிகளுக்கு மூவரும் நூறு தடவை வந்திருக்கிறார்கள். நகைக்கடை, மருந்துக்கடை, மிளகாய் மண்டி தவிர எதையும் பார்த்ததில்லை. இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தால் கடைப் பலகைகளுக்கு மேலே பழைய மரச் சாளரங்கள், சுண்ணாம்புப் பூவேலை, அரசமரம் முளைத்த கைப்பிடிச் சுவர்.

வெரைட்டி ஹால் ரோட்டுக்கு வந்ததும் வாத்தியார் நின்றுவிட்டார். இந்தப் பெயர் ஏன் என்று தெரியுமா? மூவருக்கும் தெரியாது. ரோடு என்றால் ரோடு. அது ஒரு கொட்டகையின் பெயர். சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோயமுத்தூர்க்காரர் திருச்சியில் ரயில்வேயில் படம் வரையும் எழுத்தராக இருந்தார். 1905இல் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டி வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப நேர்ந்தது. அவரிடமிருந்த புரொஜக்டரையும் பிலிம் சுருள்களையும் 2,250 ரூபாய் திரட்டி வாங்கிக்கொண்டு வேலையை விட்டார் வின்சென்ட். அந்தக் காலத்து 2,250 ரூபாய்! சுருள்களில் ஒன்று ஏசுவின் வாழ்க்கை. கூடாரம் அடித்து, ஊர் ஊராய்ப் போய், நாட்டுக்கு வெளியிலும் காட்டிவிட்டு வந்து, 1914இல் இந்தத் தெருவில் 'வெரைட்டி ஹால்' என்று நிரந்தரக் கொட்டகை கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிலைத்த திரையரங்குகளில் ஒன்று. பிறகு அது 'டிலைட்' ஆயிற்று, கடைசியில் படம் ஓடுவதும் நின்றது. பெயர்ப்பலகை போன பிறகும் தெரு மட்டும் முதல் பெயரை விடவில்லை.

"நான் டிலைட்டுல படம் பார்த்திருக்கறனுங்க" என்றார் தறிக்காரர். "என்ன படம்னுதான் ஞாபகம் இல்லை. மூட்டைப்பூச்சி ஞாபகம் இருக்குது."

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; ஒரு மெஸ்ஸில் கூட்டம் அதிகம், ரசம் நன்றாக இருந்தது. வாத்தியார் பையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். வ.உ.சி. 1908 முதல் 1910 வரை அடைபட்டுச் செக்கிழுத்த மத்திய சிறை, 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம், இந்தியாவின் கரும்பையே மாற்றிய 1912ஆம் ஆண்டுக் கரும்பு இனப்பெருக்க நிலையம், வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகம். "சார், ஞாயித்துக்கெழமைங்க சார்" என்று லேத்துக்காரர் கெஞ்சினார். அவருக்குப் போக வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது: அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம்.

அதற்குக் காரணம் ஊர்ப் பாசம். ஜி.டி. நாயுடு 1893இல் பிறந்தது சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர், அப்படி ஒன்றை வாங்குவதற்காகக் கோயமுத்தூரில் ஓட்டல் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்தார் என்பது சூலூர்ப் பக்கம் பாட்டிமார் சொல்லும் கதை. 1920இல் ஒற்றைப் பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்து, யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்த்தார். 1937இல் இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார்களில் ஒன்று பீளமேட்டில் வெளிவந்தது, அவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தது. மின்சாரச் சவர யந்திரம் செய்தார். 1952இல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் செய்தார். அரசு உரிமம் கொடுக்கவில்லை. அதே அவிநாசி ரோட்டுக்கு மேலே 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலத்துக்கு இப்போது அவர் பெயர்.

உள்ளே மங்கின வெளிச்சத்தில் உலகத்துக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. 1886ஆம் ஆண்டின் பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரி, போர்டு மாடல் டி, ஆமை முதுகு வோக்ஸ்வேகன். கும்பகோணத்துக்காரர் கதவைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தார். வாத்தியார் பலகைகளைப் படித்தார். லேத்துக்காரர் பென்ஸ் வண்டிக்கு முன் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். பின்பக்கம் படுத்த வாக்கில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம், என்ஜின் ஓட்டத்தைச் சீராக்கும் பிளைவீல். அங்கிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து சங்கிலி, சங்கிலியிலிருந்து சக்கரம். மூடி இல்லை, மறைவு இல்லை. சக்தி எங்கே பிறந்து எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். "இதுக்கு என்ன வாத்தியார் வேணும்?" என்றார். "சித்த நேரம் பார்த்தா யாருக்கும் வெளங்கிருமுங்க." பட்டறையில் அவரிடம் வேலை கற்கும் இரண்டு பையன்களை அடுத்த வாரம் கூட்டி வரப் போவதாகச் சொன்னார். திங்கட்கிழமை கூட்டி வந்துவிடாதீர்கள், விடுமுறை என்றார் வாயிற்காவலர்.

பொழுதோடு ரேஸ்கோர்ஸ். குதிரை ஓடிய வட்டத்தில் இப்போது மனிதர்கள் நடக்கிறார்கள். இரண்டரை கிலோமீட்டர்ச் சுற்று, இரண்டு பக்கமும் மரம். எல்லோரும் ஏதோ கடன் அடைப்பவர்கள்போல் வேகமாக நடக்க, இந்த நாலு பேரும் மட்டும் மெதுவாக நடந்ததால் மூன்று முறை இடிபட்டார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் தறிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டியைத் தேடிப் போய்விட்டார்.

கோவைக் காளான் வண்டிக்கு ஒரு முறை உண்டு. அகலத் தோசைக்கல்லில் ஓரமாகக் குவித்து வைத்த வறுவல், நடுவே செம்மண் நிறத்தில் கொதிக்கும் குழம்பு. இரண்டு கரண்டியால் தடதடவென்று கொத்தி, வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, சிறு தட்டில் தள்ளுவார்கள். பெயர்தான் காளான், வாயில் போட்டால் பெரும்பாலும் முட்டைக்கோஸ். "காளான் எங்கங்க?" என்றார் கும்பகோணத்துக்காரர். "தேடிட்டே தின்னுங்க, கெடைக்கும்" என்றார் கடைக்காரர். இரண்டாவது தட்டும் வாங்கினார்கள். தண்ணீர் குடிக்கும்போது சிறுவாணி பற்றி வாத்தியார் சொல்லாமல் விடவில்லை: உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீராம். நாக்கு வைத்து வரிசைப்படுத்தியது யார் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் கோபித்துக்கொள்வார்கள்.

மைசூர்பா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு சூலூர் பஸ் ஏறினார்கள். நின்றுகொண்டுதான் வர முடிந்தது. சிங்காநல்லூர் தாண்டி இடம் கிடைத்ததும் நால்வரும் தூங்கிவிட்டார்கள். கண்டக்டர் எழுப்பித்தான் இறக்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் குளக்கரையில் கொஞ்சம் நின்றார்கள். இருட்டில் ஆகாயத்தாமரையும் தண்ணீரும் வித்தியாசம் தெரியவில்லை. மேற்கே டவுன் வெளிச்சம் மேகத்தில் மஞ்சளாகப் பிடித்திருந்தது.

"காலையில பேரூர்ல பார்த்தோமே, அந்தத் தண்ணி இப்ப இங்க வந்திருக்குமா?" என்றார் கும்பகோணத்துக்காரர்.

வாத்தியார் மனதுக்குள் குளங்களை எண்ணிப் பார்த்தார். "இல்லீங்க. ஒவ்வொரு குளமா ரொம்பி வரணும். நாம முன்னாடி வந்துட்டோம்."

"வர்றப்ப வரட்டும், வாடா, காத்தடிக்குது" என்று லேத்துக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். பத்தடி போன பிறகு தறிக்காரர் நின்று, தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்க, மைசூர்பா டப்பா யாருகிட்ட இருக்குது?"

பஸ் அதற்குள் பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.